க்ராய்ட்ஸ்பெர்க்கா, ப்ரென்ஸ்லாவர் பெர்க்கா, வெடிங்கா? பெர்லினில் வீடு எடுக்கும் முன் ஒரு கணக்கு

பெர்லினில் வேலை உறுதியானதும் எழும் கேள்வி, எந்தப் பகுதியில் வீடு தேடுவது என்பது. கேட்டால் கிடைப்பதெல்லாம் அடைமொழிகள். க்ராய்ட்ஸ்பெர்க் கலகக்காரர் பேட்டை, ப்ரென்ஸ்லாவர் பெர்க் குழந்தை வண்டிகளின் ஊர், வெடிங் ஏழைத் தொழிலாளர் பகுதி. (வெடிங் என்ற பெயருக்கும் ஆங்கிலக் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை, அது ஒரு பழைய கிராமத்தின் பெயர்.) இந்த அடைமொழிகளை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் முதல் குளிர்காலத்திலேயே வேறு வீடு தேடத் தொடங்குவார்கள்.

மூன்று இடத்திலும் பழைய வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை. 1945க்குப் பிறகு அந்த வீடுகளை யார் என்ன செய்தார்கள் என்பதுதான் வேறு வேறு. ஹீட்டிங் செலவு, சத்தம், வெயில், எத்தனை ஆண்டு நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்பது வரை அந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. ஆகவே அதையே அளவுகோலாக வைத்து மூன்றையும் பார்ப்போம்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2001இல் பெர்லினின் 23 மாவட்டங்கள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. க்ராய்ட்ஸ்பெர்க் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹைனோடும், ப்ரென்ஸ்லாவர் பெர்க் பாங்கோவோடும், வெடிங் நகர மையமான மிட்டெயோடும் சேர்ந்துவிட்டன. அதனால் விளம்பரத்தில் "மிட்டெ" என்று போட்டு வெடிங் வீட்டைக் காட்டுவார்கள். அது பொய்யும் அல்ல. அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 13347 முதல் 13359 வரை இருந்தால் அது பழைய வெடிங் மாவட்டம்.

ஒரே அச்சு

1862இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி பழைய நகரைச் சுற்றி அகலமான தெருக்கள் போடப்பட்டன. தெருக்களுக்கு இடைப்பட்ட மனைகளோ உள்நோக்கி நெடுந்தூரம் நீண்டவை. அந்த நீளத்தில் எப்படிக் கட்டுவது என்று திட்டம் வாய் திறக்கவில்லை. மனை வைத்திருந்தவர்கள் அதைக் காசாக்கினார்கள். தெருவைப் பார்த்து ஐந்து தளத்தில் முன்வீடு. அதிலிருந்து இரண்டு கை நீட்டினாற்போலப் பக்கச்சிறகுகள். குறுக்கே பின்வீடு, நடுவில் முற்றம். இடம் மிஞ்சினால் இன்னொரு முற்றம், இன்னொரு பின்வீடு. வெடிங்கின் ஆக்கர் தெருவில் 1870களில் எழுந்த மையர்ஸ் ஹோஃபில் இப்படி ஆறு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன.

1853ஆம் ஆண்டுக் கட்டட விதி முற்றத்துக்குக் கேட்டது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர்தான். தீயணைப்பு வண்டியைத் திருப்ப அது போதும் என்ற கணக்கு. அதைச் சுற்றிச் சுமார் இருபது மீட்டர் உயரச் சுவர்கள். 1887இல் விதி திருத்தப்பட்டு முற்றம் குறைந்தது 60 சதுர மீட்டர் ஆயிற்று. எனவே "கட்டடம் எந்த ஆண்டு?" என்று கேட்பது வெயிலைக் கேட்பதுதான். 1887க்கு முந்திய வீட்டில் பக்கச்சிறகின் முதல் மாடியில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. அதே சிறகில் மூன்றாம் மாடிக்கு மேல் என்றால் பார்க்கலாம்.

விளம்பரத்தில் அறைக் கணக்கு நம் ஊர் மாதிரி இல்லை. சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் வராது; "இரண்டு அறை" என்றால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. இன்னொரு பொறி "பெர்லினர் ட்ஸிமர்". முன்வீடும் பக்கச்சிறகும் சேரும் மூலையில் இருக்கும் பெரிய அறை அது. முற்றத்தைப் பார்த்து ஓரத்தில் ஒரே ஒரு ஜன்னல், இரண்டு பக்கமும் கதவு. சிறகில் உள்ள அறைகளுக்குப் போக அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். 25 சதுர மீட்டர் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். படுக்கையறையாக வைத்துக்கொண்டால் இரவெல்லாம் மற்றவர்கள் உங்கள் கட்டிலைத் தாண்டிப் போவார்கள். வரைபடம் அனுப்பச் சொல்லி, இரண்டு கதவு உள்ள அறையை ஒரு அறையாக எண்ணாதீர்கள்.

க்ராய்ட்ஸ்பெர்க்: பிழைத்துக்கொண்ட வீடுகள்

பெயருக்கு உரிய குன்று வெறும் 66 மீட்டர். அதன் உச்சியில் நெப்போலியனை வென்றதற்காக கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்து 1821இல் எழுப்பிய நினைவுச்சின்னம், முனையில் இரும்புச் சிலுவை. க்ராய்ட்ஸ் என்றால் சிலுவை.

க்ராய்ட்ஸ்பெர்க் ஒன்றல்ல, குறைந்தது மூன்று. வடக்கில் மேரிங்பிளாட்ஸைச் சுற்றிய பகுதி 1945 பிப்ரவரி 3 குண்டுவீச்சில் தரைமட்டமானது. அங்கே இன்று இருப்பவை போருக்குப் பிந்திய அடுக்குமாடிகள். தெற்கிலும் மேற்கிலும் உள்ளதை ஊர்க்காரர்கள் பழைய அஞ்சல் எண்ணை வைத்து "61" என்பார்கள். கிழக்கில் உள்ளது "36". அடைமொழிகள் எல்லாம் இந்த 36இல் பிறந்தவை.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும் 36 மூன்று பக்கமும் அடைபட்ட முடுக்காயிற்று. போதாததற்கு ஓரானியன்பிளாட்ஸ் வழியாக நெடுஞ்சாலை போடும் திட்டம் வரைபடத்தில் இருந்தது. எப்படியும் இடிக்கப் போகிறார்கள் என்ற நிலையில் எந்த உரிமையாளர் கூரையைச் செப்பனிடுவார்? அந்த வீடுகளில் குறுகிய கால ஒப்பந்தத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் 1961 அக்டோபர் உடன்படிக்கைக்குப் பின் துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள். பின்னால் மாணவர்கள். 1981 வாக்கில் மேற்கு பெர்லினில் 150க்கு மேற்பட்ட காலி வீடுகளில் இளைஞர்கள் புகுந்து குடியேறியிருந்தார்கள், அவற்றில் பெரும்பங்கு இங்கேதான். பிறகு கட்டடக் கலைஞர் ஹார்ட்-வால்ட்டர் ஹேமர் தலைமையில், இடிப்பதை விட்டுக் குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே செப்பனிடும் முறை வந்தது. நெடுஞ்சாலைத் திட்டமும் கைவிடப்பட்டது.

இதன் விளைவு இன்று உங்கள் கைக்கு வருவது இப்படி. அப்போது செப்பனிட்டவை குறைந்த செலவில் செய்தவை: நிலக்கரி அடுப்பு போய்த் தனித்தனி எரிவாயு ஹீட்டர், சரக்கறையை வெட்டி ஒரு சின்னக் குளியலறை, லிஃப்ட் கிடையாது. அந்த வீடுகளில் கணிசமானவை நகராட்சி நிறுவனங்கள், கூட்டுறவுகள், குடியிருப்போர் அமைப்புகள் ஆகியவற்றின் கையில். குடியிருப்பவர்கள் கிளம்புவதில்லை, கிளம்பினாலும் வீடு சந்தைக்கு வருமுன் கைமாறிவிடும். சந்தைக்கு வருவது தனியார் வீடு, அதிலும் தளவாடங்களோடு "தற்காலிக" ஒப்பந்தத்தில் தருவது. "க்ராய்ட்ஸ்பெர்க்கில் வாடகை ஒன்றும் மோசமில்லையே" என்று சொல்பவரைக் கேட்டுப் பாருங்கள், பதினைந்து ஆண்டு பழைய ஒப்பந்தத்தில் இருப்பார்.

சத்தம் தெருவுக்குத் தெரு மாறும். ஸ்காலிட்ஸர் தெருவில் ஊ-பான் எனும் மெட்ரோ ரயில் 1902 முதல் இரும்புத் தூண்கள் மேல், முதல் மாடி ஜன்னலுக்கு நேராக ஓடுகிறது. ஓரானியன் தெருவில் மதுக்கடைகள் விடியும்வரை. கோட்புஸர் டோர் சந்திப்பில் போதைப்பொருள் நடமாட்டம் பல்லாண்டுப் பிரச்சினை. 2023 பிப்ரவரியில் அங்கே காவல் நிலையமே திறந்தார்கள். ஆர்ப்பாட்டங்கள் நடக்கும் மே 1 அன்று 36இல் கார் நிறுத்தாதீர்கள். இதெல்லாம் வேண்டாம், ஆனால் க்ராய்ட்ஸ்பெர்க்தான் வேண்டும் என்றால் 61இல் காமிஸ்ஸோபிளாட்ஸ் சுற்றுவட்டாரம், அல்லது லாண்ட்வேர் கால்வாயின் தென்கரை. மெத்ஃபெஸ்ஸல் தெருவில்தான் கொன்ராட் ஸூஸெ 1941இல் இசட்3 கணினியை இயக்கிக் காட்டினார் என்பது மென்பொருள்காரர்களுக்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி. வாடகையில் தள்ளுபடி இல்லை.

ப்ரென்ஸ்லாவர் பெர்க்: கைமாறிய வீடுகள்

குண்டுவீச்சில் மூன்றில் இதுதான் அதிகம் தப்பியது. பிறகு கிழக்கு ஜெர்மனி அரசின் கீழ் நாற்பது ஆண்டு. வாடகையை அரசு உறைநிலையில் வைத்திருந்ததால் பழுதுபார்க்கப் பணம் சேரவில்லை. இருந்த பணமும் சிமெண்டும் மார்ட்ஸான், ஹெல்லர்ஸ்டார்ஃப் போன்ற விளிம்புப் புதுநகரங்களுக்குப் போயின. மாடிப்படிப் பாதியில் பொதுக் கழிப்பறை, நிலக்கரி அடுப்பு, உதிரும் பால்கனி என்று இப்பகுதி அப்படியே நின்றது. காலியான வீடுகளில் அனுமதியில்லாமல் குடிபுகுந்து, வாடகையை மட்டும் ஒழுங்காகக் கட்டி, நாளடைவில் அதையே உரிமையாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களால்தான் எழுத்தாளர்களும் அரசை எதிர்த்தவர்களும் இங்கே கூடினார்கள். 1989 அக்டோபரில் கெத்ஸெமனே தேவாலயத்தில் விளக்கேற்றி நின்றார்கள். நவம்பர் 9 இரவு முதலில் திறந்த எல்லைக் கதவு இங்கிருந்து வெடிங்குக்குப் போகும் போர்ன்ஹோல்மர் தெருப் பாலத்தில்தான்.

1990க்குப் பின் வீடுகள் பழைய உரிமையாளர்களுக்கோ அவர்களின் வாரிசுகளுக்கோ திருப்பித் தரப்பட்டன. பலர் விற்றார்கள். வாங்கியவர்கள் கிழக்குப் பகுதிக்கான வரிச்சலுகையோடு முழுதாகச் செப்பனிட்டார்கள். கொல்விட்ஸ்பிளாட்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ்பிளாட்ஸ் எல்லாம் 1993இல் சீரமைப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மைய ஹீட்டிங், முற்றப் பக்கம் புதுப் பால்கனி, சில இடங்களில் லிஃப்ட். வேலைத் தரத்தில் மூன்றில் இதுவே மேல் என்பதில் சந்தேகமில்லை. பழைய குடியிருப்பாளர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் ரொட்டியைப் பெர்லின் வழக்கப்படி "ஷ்ரிப்பெ" என்னாமல் "வெக்கன்" என்கிறார்கள் என்று நாடாளுமன்றத் துணைத் தலைவர் வொல்ஃப்காங் தீர்ஸெ 2012 கடைசியில் குறைப்பட்டுக்கொண்டது நாடு முழுதும் சிரிப்புக்கிடமானது. ரொட்டி ஒரு சாக்கு. வருத்தம் போனவர்களைப் பற்றியது. 1952 முதல் இயங்கிய க்னாக் என்ற இசைக்கூடம், பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களின் சத்தப் புகாரால் 2010 முடிவில் மூடியது. அமைதி வேண்டுபவருக்கு அதுவே நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

வாடகைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இங்கே கட்டடம் ஒரே உரிமையாளர் கையில் இருப்பது குறைவு. வீடு வீடாகப் பிரித்து விற்கப்பட்டவை அதிகம். ஒற்றை வீட்டு உரிமையாளர் "எனக்கே வேண்டும், என் மகளுக்கு வேண்டும்" என்று காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடிக்கலாம். பிரித்து விற்றபோது உள்ளே குடியிருந்தவருக்குப் பெர்லினில் பத்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. பிரித்து முடித்த வீட்டுக்குப் புதிதாக வரும் உங்களுக்கு அது கிடையாது. முன்னறிவிப்புக் காலம், நீங்கள் இருந்தது ஐந்து ஆண்டு வரை என்றால் 3 மாதம், அதற்கு மேல் 6, எட்டு ஆண்டுக்கு மேல் 9. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியது: இது தனி உரிமை வீடா, முழுக் கட்டடமும் ஒருவருடையதா? அழைப்பு மணிப் பலகைக்குக் கீழே நிர்வாக நிறுவனத்தின் பெயர் இருக்கும், அவர்களைக் கேட்டாலும் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த ஒரு கேள்வி பால்கனியைவிட முக்கியம். பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு; எந்தப் பள்ளி என்பது முகவரியை வைத்துத்தான். நடுவில் வீடு போனால் பள்ளிக்கும் ஆபத்து.

சத்தத்தில் இரண்டு இடம் தவிர்க்கவும்: ஊ-பான் மேலே ஓடும் ஷேன்ஹவுஸர் அல்லே, ஞாயிறுதோறும் சந்தையும் பாட்டும் நடக்கும் மவர்பார்க் ஓரம். கருங்கல் பாவிய பக்கத் தெருக்கள் பார்க்க அழகு. கார் ஒன்று போனால் தட தடவென்று எழுப்பிவிடும். படுக்கையறை முற்றப் பக்கம் இருக்கட்டும்.

வெடிங்: பாதி இடித்து, பாதி விட்டது

மூன்றில் அதிகம் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான், அதனாலேயே நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1861இல் நகரோடு சேர்க்கப்பட்டது. ஏ.ஈ.ஜி., ஓஸ்ராம், ஷேரிங் என்று ஆலைகள், ஆலையைச் சுற்றி முற்ற வீடுகள். 1929 மே முதல் நாட்களில் தடையை மீறி ஊர்வலம் போன கம்யூனிஸ்ட் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கேஸ்லினர் தெரு அதன் மையம். "சிவப்பு வெடிங்" என்ற பெயர் அந்தக் காலத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுப் படைகளின் ஆட்சிப் பகுதி.

இன்று வெடிங் என்று சொல்லும் நிலத்தில் மூன்று வகை வீடுகள் கிடைக்கின்றன. எது வேண்டும் என்று தெரியாமல் "வெடிங்" என்று மட்டும் தேடுவது வீண்.

முதல் வகை ப்ருன்னன் தெருச் சுற்றுவட்டாரம். 1963இல் அறிவித்த நகரப் புதுப்பிப்பில் ஏறத்தாழ முழுப் பேட்டையையும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். மையர்ஸ் ஹோஃபின் கடைசிச் சுவரும் 1972இல் விழுந்தது. வரலாற்றாசிரியர்களுக்கு வருத்தம், குடியிருப்பவருக்கு லிஃப்ட், பால்கனி, அளவான அறை, வெளிச்சமான பெரிய முற்றம். பெரும்பகுதி நகராட்சி நிறுவனமான டெகெவோவின் கையில் இருப்பதால் "எனக்கே வேண்டும்" என்ற வெளியேற்றம் இங்கே நடக்காது. பெர்னவர் தெருவைக் கடந்தால் பழைய மிட்டெ. அழகில்லாத இந்த வீடுகளைப் பலரும் ஒதுக்குவார்கள். குழந்தையும் தள்ளுவண்டியுமாக ஐந்தாம் மாடிக்கு ஏறிப் பார்த்தவர்கள் ஒதுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, லியோபோல்ட்பிளாட்ஸைச் சுற்றியும் ஷ்ப்ரெங்கல் தெருப் பக்கமும் உள்ள பழைய முற்ற வீடுகள். க்ராய்ட்ஸ்பெர்க்கில் உள்ள அதே வீடுதான், பூவேலை குறைவு, வாடகையும் குறைவு. லியோபோல்ட்பிளாட்ஸில் குடியும் போதையும் கண்ணில் படும். இரவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சற்றுத் தள்ளி, ராபர்ட் கோஃக் நிறுவனம் இருக்கும் கால்வாய்க் கரைப் பக்கம் வேறு ஊர் போலிருக்கும். ஸே தெரு மட்டும் வேண்டாம், நெடுஞ்சாலைக்குப் போகும் வண்டியெல்லாம் அதில்தான்.

மூன்றாவது வகைக்காகவே வெடிங்கைப் பரிந்துரைக்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் பணவீக்கத்தில் கடன் கரைந்துபோன பழைய வீட்டுக்காரர்கள்மேல் 1924 முதல் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள். ப்ரூனோ டவுட் வடிவமைத்த ஷில்லர்பார்க் குடியிருப்பு (1924 முதல் 1930 வரை) அதில் பிறந்தது. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில். பின்வீடும் பக்கச்சிறகும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் குளியலறை, காற்றோட்டம், வெளியே புல்வெளி. 5.34 மீட்டர் முற்றத்துக்கு அந்தத் தலைமுறை சொன்ன பதில் இது. அங்கே வீடு கிடைக்கக் கூட்டுறவில் உறுப்பினராகிப் பங்கு வாங்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். பங்குப் பணம் விலகும்போது திரும்பி வரும், உடனே அல்ல. அதே காலத்து வீடுகள் ஆஃப்ரிகானிஷெஸ் ஃபியர்டெல் எனும் ஆப்பிரிக்கப் பேட்டையிலும் உள்ளன. பக்கத்தில் ரேபெர்கெ பூங்கா. அங்கே பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். குடியேற்ற ஆட்சிக்காரர்கள் பெயரிலிருந்த நாக்டிகால்பிளாட்ஸ், லூடெரிட்ஸ் தெரு ஆகியவை 2022 டிசம்பரில் மங்கா-பெல் பிளாட்ஸ், கொர்னேலியுஸ் ஃப்ரெடெரிக்ஸ் தெரு ஆயின.

போக்குவரத்தில் ஒரு விசித்திரம். வெடிங்கின் ஒட்டிய அயல் ப்ரென்ஸ்லாவர் பெர்க். ஆனால் ஊ-பான் 6, 8 இரண்டும் உங்களை நேரே க்ராய்ட்ஸ்பெர்க்கில்தான் இறக்கும். இரண்டும் மேற்கு பெர்லின் பாதைகள், சுவர் காலத்தில் கிழக்கின் அடியில் மூடிய நிலையங்களில் நிற்காமல் ஓடியவை. டிராமோ எதிர்க்கதை: மேற்கில் 1967இல் ஒழித்துவிட்டார்கள், கிழக்கில் வைத்திருந்தார்கள். போர்ன்ஹோல்மர் பாலம் வழியாக 1995இல் வெடிங்குக்கு டிராம் திரும்பியது. ப்ரென்ஸ்லாவர் பெர்க்கில் டிராம் இல்லாத பெரிய தெரு அரிது. க்ராய்ட்ஸ்பெர்க் இன்றும் பேருந்தையும் ஊ-பானையும்தான் நம்பியிருக்கிறது.

பிரிட்ஸ் என்ற நான்காவது

மூன்றும் சரிப்படாத குடும்பங்கள் தெற்கே நொய்கெல்ன் மாவட்டத்து பிரிட்ஸைப் பார்க்கலாம். குதிரை லாட வடிவக் குடியிருப்பும் டவுட்டின் கையே, அதுவும் யுனெஸ்கோ பட்டியலில். கதவு நிறத்தைக்கூட விருப்பப்படி மாற்ற முடியாது. அதற்கும் தெற்கே 1962 முதல் 1975 வரை எழுந்த க்ரோபியுஸ்டாட், சுமார் 18,500 வீடு. வால்ட்டர் க்ரோபியுஸ் ஐந்து தளம் போதும் என்று வரைந்தார். சுவர் வந்து நிலம் அருகியதும் 31 தளம் வரை உயர்ந்தது. ஊ-பான் 7 ஓடுகிறது. ப்ளாஷ்கோஅல்லேயில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோவில் இருப்பதால் ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பக்கம் ஏற்கெனவே பழக்கம். எண்பதுகளின் நடுவில் கிழக்கு ஜெர்மனியின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக மேற்கே கடந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களின் தலைமுறை அது.

வீட்டைப் பார்க்கும்போது

முதலில் ஹீட்டிங். சமையலறை அல்லது குளியலறைச் சுவரில் பெட்டி தொங்கினால் அது தனி எரிவாயு ஹீட்டர். அப்படியென்றால் விளம்பரத்தில் உள்ள "வார்ம்" (செலவுகள் சேர்த்த) வாடகையில் ஹீட்டிங் சேரவில்லை, எரிவாயு ஒப்பந்தம் உங்கள் பெயரில். உதாரணத்துக்கு: ப்ரென்ஸ்லாவர் பெர்க்கில் மைய ஹீட்டிங்கோடு 1,300 யூரோ, வெடிங்கில் எரிவாயு ஹீட்டரோடு 1,130. மாதம் 170 மிச்சம் போலத் தெரியும். எரிவாயு மாதம் 90 என்று வைத்தால் மிச்சம் 80தான். முந்தைய குடித்தனக்காரரின் ஆண்டு நுகர்வைக் கிலோவாட் மணியில் கேளுங்கள். இன்னொன்று, 2023 முதல் ஹீட்டிங் எரிபொருள் மீதான கரிவளி (CO2) கட்டணத்தில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். மைய ஹீட்டிங்கில் அவரே கழித்துவிட வேண்டும். தனி ஹீட்டர் வைத்திருப்பவர் எரிவாயு பில் வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தானே கேட்டு வாங்க வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வெளியே வந்து பக்கச் சுவரைப் பாருங்கள். அடுத்த மனை காலியாகவோ தாழ்ந்த கட்டடமாகவோ இருந்து, ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே நின்ற வீடு குண்டில் போயிருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்க வேண்டிய சுவர் அது. எண்பது ஆண்டாகக் குளிரை நேரே வாங்குகிறது. அந்தச் சுவரை ஒட்டிய அறையின் மூலையில்தான் பூஞ்சை பிடிக்கும். மேலே காப்புப் பலகை ஒட்டியிருந்தால் கவலையில்லை.

ஜன்னல் பழைய இரட்டைப் பெட்டி வகையானால் உள் ஜன்னல் இறுக்கமாகவும் வெளி ஜன்னல் சற்றுத் தளர்வாகவும் மூட வேண்டும். தலைகீழாக இருந்தால் அறையின் ஈரக்காற்று இடுக்கில் புகுந்து வெளிக் கண்ணாடியில் தண்ணீராக வழியும், மரம் அழுகும். பெட்டி ஜன்னலை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட வீட்டில் காற்று தானாகக் கசிய வழியில்லை. தினம் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து வைக்காவிட்டால், சோறு வடித்து ரசம் கொதிக்கும் வீட்டில் மூலைகள் ஒரே பருவத்தில் கறுத்துவிடும். ஜன்னல் இல்லாத சமையலறையை எந்தப் பகுதியிலும் எடுக்காதீர்கள்.

பழைய வீட்டுத் தளம் மர உத்தரம், இடையே மண்ணும் கசடும். மேல்வீட்டுக் குதிகால் சத்தம் கேட்கும், உங்களுடையது கீழே கேட்கும். துணி துவைக்கும் இயந்திரத்தையும் மாவு கிரைண்டரையும் உத்தரம் தாங்கும் சுவரோரமாக, தடித்த ரப்பர் பாயின்மேல் வையுங்கள். நடு அறையில் வைத்தால் தளம் முரசாகிவிடும். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுதும் ஓட்டாதீர்கள்.

யாருக்கு எது, கையெழுத்து எப்படி

எங்கள் தீர்ப்பு இது. ஊரும் மொழியும் புதிது, சம்பளம் நடுத்தரம் என்றால் வெடிங், அதிலும் ப்ருன்னன் தெரு அல்லது ஷில்லர்பார்க் பக்கம். சிறு குழந்தை, பணத்துக்குக் குறைவில்லை, முழுக் கட்டடமும் ஒரே உரிமையாளருடையது என்றால் ப்ரென்ஸ்லாவர் பெர்க். க்ராய்ட்ஸ்பெர்க்கைத் தேடிப் போக வேண்டாம். காலவரையற்ற ஒப்பந்தம் தானாக வந்தால் விடவும் வேண்டாம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா கடன் அறிக்கை, முந்தைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற தாள், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி வைத்திருங்கள். நகராட்சி நிறுவனங்கள் ஆறு, அவற்றின் வீடுகள் ஒரே தளத்தில் வெளியாகின்றன. வருமானம் வரம்புக்குள் இருந்தால் வூன்பெரெக்டிகுங்ஸ்ஷைன் எனும் உரிமைச் சான்றை முதலில் வாங்கினால் அங்கே கதவு அகலத் திறக்கும்.

முன்பணம் மூன்று மாதக் "கால்ட்" (ஹீட்டிங், இதரச் செலவு சேராத) வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மூன்று தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. தரகரை உரிமையாளர் அமர்த்தியிருந்தால் தரகு அவருடையது. வாடகையை நகரின் மீட்ஸ்பீகல் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கட்டிய காலம், பரப்பு, இட வகை, வசதி ஆகியவற்றை வைத்து அது விலை சொல்லும். பொது விதிப்படி அதற்கு 10 சதவீதத்துக்கு மேல் புது ஒப்பந்தம் போகக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பின் முதலில் குடிபுகுந்த கட்டடமும் முழுதாகப் புதுப்பித்த வீடும் விலக்கு. அதிகம் என்று தோன்றினால் கையெழுத்துப் போட்டபின் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். முதல் 30 மாதத்துக்குள் தெரிவித்தால் ஆரம்பத்திலிருந்தே திரும்பக் கேட்கலாம். வாடகைதாரர் சங்கத்தில் பிரச்சினை வருமுன்பே சேருங்கள்.

சாவி வாங்கும் நாளில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர் எண்கள், சாவிகளின் எண்ணிக்கை, தரைக் கீறல், மூலைக் கறை எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்போதே வூனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் எனும் குடியமர்வு உறுதித் தாளையும் கேட்டு வாங்குங்கள். குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரிப் பதிவுக்கு அது வேண்டும். தர வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை. "இங்கே பதிவு செய்ய முடியாது" என்று முன்கூட்டியே சொல்லும் வீட்டை, முற்றம் எத்தனை மீட்டர் என்று பார்க்கக்கூட உள்ளே போக வேண்டாம்.